ஞாயித்துக்கிழமை சரி, திங்கட்கிழமை? இயேசுவைப் பின்பற்றுறதுன்னா என்னன்னு எளிமையா

"இயேசுவைப் பின்பற்றுறேன்"னு சொல்றோம், பாட்டுல பாடுறோம், ஜெபத்துலயும் சொல்றோம், ஆனா திங்கட்கிழமை காலைல எழுந்து வேலைக்கோ காலேஜுக்கோ கிளம்பும்போது அதுக்கு என்ன அர்த்தம்னு யாராவது கேட்டா கொஞ்சம் முழிக்க வேண்டியதாத்தான் இருக்கு. சர்ச்சுக்குப் போகணும், பைபிள் வாசிக்கணும், கெட்டது பண்ணக்கூடாது, இதெல்லாம் தெரியும். ஆனா இதையெல்லாம் கூட்டினா பின்பற்றுறதுன்னு ஆயிடுமா? புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்க மட்டும் இல்ல, சின்ன வயசுல இருந்து சண்டே ஸ்கூல் போனவங்களும் இதைக் கேக்குறாங்க. இது ரொம்ப ஆரம்பத்துல இருக்கவங்களுக்காக எழுதுறது, ஏற்கனவே தெரிஞ்ச பகுதி வந்தா தாண்டிப் போயிடுங்க.

இயேசுவைப் பின்பற்றுறவனை பைபிள் சீஷன்னு சொல்லுது, அதனால முதல்ல சீஷன்னா யாரு. மாற்கு 3:14-ல இயேசு பன்னிரண்டு பேரைத் தெரிஞ்செடுத்தது எதுக்குன்னு எழுதியிருக்கு. பிரசங்கம் பண்ண அனுப்புறதுக்குன்னுதான் நாம நினைப்போம், அதுவும் இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி இன்னொன்னு சொல்லியிருக்கு, "தம்மோடுகூட இருக்கவும்". கூட இருக்கணும், அதுதான் முதல் வேலை. ஒரு தச்சர்கிட்ட தொழில் கத்துக்கப் போற பையன நினைச்சுப் பாருங்க, அவனுக்கு யாரும் மரவேலையைப் பத்தி லெக்சர் எடுக்கமாட்டாங்க, கூட இருந்து பாப்பான், உளியப் பிடிப்பான், தப்பா செதுக்குவான், திட்டு வாங்குவான், திரும்பச் செய்வான், கொஞ்ச வருஷம் போனா அவன் கை அவரோட கை மாதிரியே போகும். சீஷத்துவம் கிட்டத்தட்ட இதுதான். இயேசுவைப் பத்தி நிறைய தெரிஞ்சு வச்சிருக்கிறது ஒன்னு, இயேசுகிட்ட வாழக் கத்துக்கிறது வேற ஒன்னு. முதல்ல சொன்னதுல நல்ல மார்க் வாங்கிட்டு ரெண்டாவதுல சைபரா இருக்க முடியும், சர்ச்சுல கொஞ்ச நாள் இருந்தீங்கன்னா நான் சொல்றது புரியும்.

இங்கேயே ஒரு பயம் வரும். மீன் பிடிக்கிற பேதுருவும் அந்திரேயாவும் இயேசு கூப்பிட்டதும் வலையை அப்படியே விட்டுட்டு பின்னால போனாங்க, யாக்கோபும் யோவானும் அப்பாவையும் படகையும் விட்டுட்டுப் போனாங்க, அப்போ நானும் வேலைய விடணுமா? எல்லாரையும் அவர் அப்படிக் கூப்பிடல. மாற்கு 5-ல பிசாசு பிடிச்சிருந்த ஒருத்தர் குணமாகி நானும் உங்ககூடவே வரேன்னு கெஞ்சுறார், இயேசு வேணாம்னு சொல்லி, உன் வீட்டுக்குப் போய் உன் சொந்தக்காரங்ககிட்ட கர்த்தர் உனக்குச் செஞ்சதைச் சொல்லுன்னு அனுப்பிட்டார். சகேயு வரி வசூல் பண்றவங்களுக்குத் தலைவனா இருந்தவன், அவன்கிட்ட ஊரை விட்டு வான்னு இயேசு சொன்னதா எங்கேயும் இல்ல. லூக்கா 8-ஆம் அதிகாரத்துல மகதலேனா மரியாள், ஏரோதோட காரியக்காரன் கூசாவோட மனைவி யோவன்னாள், சூசன்னாள்னு பெண்கள் தங்களோட ஆஸ்தியால அந்தக் குழுவுக்கே உதவி செஞ்சதா வருது. அப்புறம் பிலிப்பி ஊர்ல இரத்தாம்பரம், அதாவது விலை உயர்ந்த சாயத்துணி விற்ற லீதியாள், கொரிந்துல கூடாரம் செஞ்சு பிழைச்ச ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், அவங்க வீட்டுலயே தங்கி அதே தொழில செஞ்ச பவுல். முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு வந்தா வரும், அது வேற விஷயம். ஆனா "முழுநேர ஊழியம் பண்றவங்கதான் ஃபர்ஸ்ட் கிளாஸ் சீஷர்கள், மத்தவங்க எல்லாம் காணிக்கை போடுறவங்க"ங்கிற எண்ணம் சில இடங்கள்ல சொல்லாமலே ஓடிட்டு இருக்கு, அது பைபிள்ல இருந்து வந்தது இல்ல. இயேசுவே ஊழியத்த ஆரம்பிக்கும்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயசுன்னு லூக்கா 3:23 சொல்லுது, நாசரேத்து ஜனங்க அவர "தச்சன்"னுதான் அடையாளம் சொன்னாங்க. அதாவது அவர் வாழ்க்கையில பெரும்பகுதி நாம சாதாரணம்னு சொல்ற வாழ்க்கைதான்.

இன்னொரு விஷயத்தையும் ஆரம்பத்துலயே சொல்லிடறேன், இல்லன்னா கீழ வரப்போறது எல்லாம் ஒரு பெரிய ஹோம்வொர்க் லிஸ்ட் மாதிரி தெரியும். எபேசியர் 2-ஆம் அதிகாரம் 8, 9, 10 வசனங்கள சேர்த்து வாசிங்க. கிருபையினால இரட்சிக்கப்பட்டீங்க, அது உங்களால வந்தது இல்ல, தேவனோட ஈவு, கிரியைகளால வந்தது இல்ல, யாரும் பெருமை பேச முடியாது. உடனே அடுத்த வசனம், நற்கிரியைகள் செய்யுறதுக்காக நாம சிருஷ்டிக்கப்பட்டிருக்கோம். வரிசை முக்கியம். நல்லவனா நடந்தா தேவன் என்னை ஏத்துக்குவார்னு இல்ல, ஏத்துக்கிட்டார், அதனால இப்படி நடக்கக் கத்துக்கிறேன். இந்த வரிசைய தலைகீழா மாத்திட்டா என்ன ஆகும்னா நல்லா போற வாரத்துல பெருமை வரும், சொதப்பின வாரத்துல ஜெபம் பண்ணவே மூஞ்சி இருக்காது. ரெண்டுமே ஒரே தப்போட ரெண்டு பக்கம்.

சரி, வேதம். "தினமும் பைபிள் வாசிங்க"ன்னு எல்லாரும் சொல்லிடுவாங்க, எப்படின்னு சொல்றவங்க கம்மி. புதுசா ஆரம்பிக்கிறவங்க ஆதியாகமத்துல ஆரம்பிச்சு யாத்திராகமம் பாதி வரைக்கும் நல்லாப் போயி ஆசரிப்புக் கூடாரத்தோட (இஸ்ரவேலர் வனாந்தரத்துல தேவனை ஆராதிக்கப் போட்ட கூடாரம்) அளவு வர்ற இடத்துல சத்தமில்லாம நின்னுடுவாங்க. தப்பே இல்ல, எங்க ஆரம்பிக்கணும்னு யாரும் சொல்லல அவ்வளவுதான். மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பிங்க. நாலு சுவிசேஷத்துலயும் அதுதான் சின்னது, 16 அதிகாரம், வேகமாப் போகும், இயேசு என்ன செஞ்சார் எங்க போனார் யார்கிட்ட எப்படிப் பேசினார்னு நேரா காட்டும். ஒருத்தரைப் பின்பற்றணும்னா முதல்ல அவர் எப்படி இருக்கார்னு பாக்கணும் இல்லையா. பழைய மொழிபெயர்ப்புத் தமிழ் கஷ்டமா இருந்தா எளிய நடையில வந்த மொழிபெயர்ப்பு ஒன்ன வச்சுக்கோங்க, அதுல ஒன்னும் பாவம் இல்ல, பழைய நடை அழகானதுதான், ஆனா புரியாத அழகு உங்கள எங்கயும் கூட்டிட்டுப் போகாது.

வசனத்த மட்டும் தனியா பிச்சு எடுக்காதீங்க. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்க பைபிள் வாசிக்கிறதே பெரும்பாலும் காலைல ஃபோன்ல வர்ற வாக்குத்தத்த வசனப் படத்துலதான். புதிய ஏற்பாட்டுல இப்ப நாம பாக்குற வசன நம்பர் எல்லாம் 1551-ல ராபர்ட் எஸ்தியேன்ங்கிற அச்சுக்காரர் போட்டது, எழுதினவங்க நம்பர் போட்டு எழுதல, கடிதமா எழுதினாங்க, கதையா எழுதினாங்க. எரேமியா 29:11 எல்லாருக்கும் பிடிக்கும், உங்களுக்காக நான் வச்சிருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கு ஏதுவானதுன்னு. அதுக்கு முந்தின வசனத்த யாராவது ஸ்டேட்டஸ்ல போட்டுப் பாத்திருக்கீங்களா? பாபிலோன்ல எழுபது வருஷம் முடிஞ்ச பிறகுதான் திரும்ப வருவீங்கன்னு இருக்கு. அடிமையாப் பிடிச்சிட்டுப் போன ஜனங்களுக்கு எழுதின கடிதம் அது, அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்த ஊரோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லிட்டுத்தான் அந்த வாக்குத்தத்தம் வருது. அந்தக் கடிதத்த வாங்கினவங்கள்ல பலர் திரும்பி வர்றதப் பாத்திருக்கவே மாட்டாங்க. இதெல்லாம் தெரிஞ்சா அந்த வசனம் சின்னதாகாது, இன்னும் பெருசாத்தான் ஆகும், ஆனா "அடுத்த மாசம் எனக்குப் புரமோஷன்"ங்கிற அர்த்தம் அதுக்கு வராது. அதே மாதிரிதான் பிலிப்பியர் 4:13, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு". பவுல் சிறைக்காவல்ல இருந்து எழுதுறார், முன்னாடி ரெண்டு வசனத்துல வயிறு நிறைஞ்சாலும் பட்டினியா இருந்தாலும் மனநிறைவா இருக்கக் கத்துக்கிட்டேன்னு சொல்றார். எக்ஸாம்ல ஜெயிக்கிறதப் பத்தி அவர் பேசல, தோத்தாலும் தாங்குறதப் பத்திப் பேசறார்.

வசனத்த நல்லா மனப்பாடமா சொல்றதே ஆவிக்குரிய வளர்ச்சின்னு நினைச்சீங்கன்னா மத்தேயு 4-ஐப் பாருங்க. வனாந்தரத்துல சோதனைக்காரன் சங்கீதம் 91-ஐ எடுத்துக் கோட் பண்றான், சரியாத்தான் சொல்றான். இயேசு மூணு தடவையும் உபாகமத்துல இருந்து பதில் சொல்றார். வசனம் ரெண்டு பக்கமும் இருக்கு. ஒருத்தன் அதை வச்சு தேவனையே சோதிச்சுப் பாக்கச் சொல்றான், இன்னொருத்தர் அதுக்குக் கீழ்ப்படியுறார், அங்கதான் வித்தியாசம்.

கீழ்ப்படியுறதுன்னு வந்தாச்சு, இந்தக் கட்டுரைல நான் சொல்ல வந்ததே இது ஒன்னுதான். கொஞ்சமா வாசிங்க, அதுல ஒன்ன அன்னைக்கே செய்யுங்க. யாக்கோபு 1:22, "திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்". மலைப்பிரசங்கத்த இயேசு முடிக்கிறதும் இதே இடத்துலதான், கன்மலை மேல வீடு கட்டினவன், மணல் மேல கட்டினவன். ரெண்டு பேருமே அவர் வார்த்தைய கேட்டவங்கதான்னு கவனிச்சீங்களா, ஒருத்தன் செஞ்சான், ஒருத்தன் செய்யல, அவ்வளவுதான் மேட்டர். மழை ரெண்டு வீட்டு மேலயும் அடிச்சுது.

எப்படி வாசிக்கிறதுன்னா, ஒரு சம்பவம், இல்லன்னா ஒரு பத்தி எடுத்துக்கோங்க. மெதுவா ரெண்டு தரம் வாசிங்க. இதுல இயேசு எப்படிப்பட்டவரா தெரியுறார்னு பாருங்க, முதல்ல அவரைத்தான் பாக்கணும், நம்மள இல்ல. அப்புறம், இது உண்மைன்னா இன்னைக்கு நான் எதை வேற மாதிரி செய்யணும்னு கேளுங்க. பதில் முடிஞ்ச அளவுக்குக் குறிப்பா இருக்கணும். "நான் இன்னும் அன்பா இருக்கணும்"ங்கிறது பதில் இல்ல, அது யாருக்கு வேணாலும் பொருந்தும், அதனால யாரையும் ஒன்னும் பண்ணாது. "நேத்து அம்மாகிட்ட எரிஞ்சு விழுந்தேன், இன்னைக்கு சாயங்காலம் போய் மன்னிப்பு கேக்கணும்", இது பதில். பெயர், நேரம், செயல் எல்லாம் இருக்கு, செஞ்சியா செய்யலயான்னு ராத்திரி உங்களுக்கே தெரிஞ்சிடும்.

ஒரு பகுதிய எடுத்து செஞ்சு காட்டுறேன். மத்தேயு 18, மன்னிக்க மனசில்லாத ஊழியக்காரன். பேதுரு வந்து எத்தனை தடவை மன்னிக்கணும், ஏழு தடவை போதுமான்னு கேக்குறார். இயேசு ஏழெழுபது தரம்னு சொல்லிட்டு ஒரு கதை சொல்றார். ஒருத்தன் ராஜாவுக்கு பதினாயிரம் தாலந்து கடன், ராஜா மன்னிச்சு விட்டுடுறார். வெளிய வந்தவன் தன்கிட்ட நூறு வெள்ளிப்பணம் வாங்கின கூட்டாளியோட கழுத்தப் பிடிக்கிறான். நாம பொதுவா இதுல என்ன கேட்டிருப்போம்னா, அவன் கடன் பெருசு, இவன் கடன் அற்பம்னு. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலிக்காரனோட ஒரு நாள் சம்பளம், மத்தேயு 20-ல திராட்சைத் தோட்டத்துக்காரன் பேசின கூலியே அதுதான். ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம். அப்போ பதினாயிரம் தாலந்துன்னா ஆறு கோடி நாள் கூலி, லீவே எடுக்காம வேலை செஞ்சாலும் 1,60,000 வருஷத்துக்கு மேல ஆகும். கட்டவே முடியாத கடன்னு சொல்றதுக்குத்தான் இயேசு அந்த நம்பரச் சொல்றார், கேட்டவங்க சிரிச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணும். ஆனா இந்தப் பக்கம் பாருங்க, நூறு வெள்ளிப்பணம்ங்கிறதும் சின்னக் காசு இல்ல, மூணு மாசத்துக்கு மேல சம்பளம். உங்ககிட்ட யாராவது மூணு மாச சம்பளத்த வாங்கிட்டுத் திருப்பித் தரலன்னா அற்பம்னு சொல்வீங்களா?

இங்கதான் இந்தக் கதை நம்ம வீட்டுக்குள்ள வருது. உங்களுக்கு ஒருத்தர் செஞ்சது சின்ன விஷயம், விட்டுடுங்கன்னு இயேசு சொல்லல. அது நிஜமான கடன், நிஜமான வலி. அதையும் தாண்டி, உனக்கு மன்னிக்கப்பட்டது எவ்வளவுன்னு பாருன்னுதான் சொல்றார். மன்னிக்கிறதுன்னா நடந்ததே இல்லன்னு நடிக்கிறது இல்ல. பழி வாங்குற உரிமைய நான் விட்டுடுறேன், இனிமே அதை அவங்க தலைமேல வச்சுட்டே சுத்தமாட்டேன்னு முடிவு பண்றது. இன்னொன்னு, அடி உதை, மிரட்டல் இருக்கிற வீட்டுல இருக்கவங்ககிட்ட "நீ மன்னிக்கணும், அதனால திரும்பிப் போய் அதே வீட்டுல இரு"ன்னு சொல்றதுக்கு இந்தக் கதைய உபயோகிக்கிறவங்க இருக்காங்க, அது ரொம்பத் தப்பு. மன்னிப்பு ஒருத்தர் மனசுல முடிவாகலாம், ஆனா திரும்ப நம்புறதுக்கு எதிராளியோட மாற்றமும் வேணும், பாதுகாப்பான இடத்துக்குப் போறதும் சட்டத்தோட உதவிய கேக்குறதும் மன்னிக்காததுக்கு அடையாளம் இல்ல. இதே மத்தேயு 18-ல, கொஞ்சம் மேல 15-ஆம் வசனத்துல, தப்பு செஞ்சவன்கிட்ட நேராப் போய் எடுத்துச் சொல்லு, கேக்கலன்னா சாட்சிகளோட போன்னு இயேசு சொல்லியிருக்கார், மூடி மறைக்கச் சொல்லல.

இப்போ இன்னைக்கு செய்ய வேண்டியது என்ன? பெரிய காயத்துல ஆரம்பிக்காதீங்க. ஆஃபீஸ்ல உங்க ஐடியாவ தன்னோடதுன்னு சொல்லிக்கிட்ட ஒருத்தர் மேல இன்னும் கடுப்பு இருக்கா, அவரப் பத்தி மத்தவங்ககிட்ட குத்திப் பேசுறத இந்த வாரம் நிறுத்துங்க, அவர் பேரச் சொல்லி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுங்க. முதல் நாள் ஜெபம் பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் வரும். பரவால்ல, பல்லக் கடிச்சுக்கிட்டு செஞ்சாலும் கீழ்ப்படிதல் கீழ்ப்படிதல்தான், ஃபீலிங் பின்னாடி மெதுவா வரும், சில சமயம் ரொம்ப மெதுவா.

மத்த இடங்களும் இப்படித்தான், ஒவ்வொன்னா விரிக்க வேண்டியதில்ல. உள்ளதை உள்ளதுன்னும் இல்லதை இல்லதுன்னும் சொல்லுங்கன்னு மத்தேயு 5:37-ல இருக்கு, அப்போ "இன்னும் அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்"னு வீட்டுல இருந்தே சொல்றது, செய்யாத வேலைய ரிப்போர்ட்ல செஞ்சதா போடுறது, இதெல்லாம் அந்த வசனத்துக்குள்ள வருது. பணம்னா சகேயு, ஆஸ்தியில பாதி ஏழைகளுக்கு, ஏமாத்தி வாங்கினது நாலு மடங்கா திரும்பன்னு அவனே முன்வந்து சொன்னான், சாப்பாட்டுக்கு இயேசு வீட்டுக்கு வந்த அன்னைக்கே அவன் பர்ஸும் மனந்திரும்பிடுச்சு. யோவான் ஸ்நானகன்கிட்ட போர்ச்சேவகர் வந்து நாங்க என்ன செய்யணும்னு கேட்டப்போ வேலைய விடுங்கன்னு அவர் சொல்லல, யாரையும் மிரட்டாதீங்க, பொய்யா குற்றம் சாட்டாதீங்க, சம்பளமே போதும்னு இருங்கன்னார். லூக்கா 3-ல இருக்கு. உங்க வேலைக்கு அதே கேள்விய அவர்கிட்ட கேட்டிருந்தா என்ன பதில் வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, டீச்சருக்கு ஒன்னு வரும், டிரைவருக்கு ஒன்னு வரும், வீட்ட பாத்துக்கிறவங்களுக்கு ஒன்னு வரும்.

ஜெபத்தப் பத்தி ரொம்ப இழுக்கல. சீஷர்கள் எங்களுக்கு ஜெபம் பண்ணக் கத்துக்குடுங்கன்னு கேட்டப்போ அவர் சின்னதா ஒரு ஜெபத்தத்தான் குடுத்தார், அதை ஒரு நிமிஷத்துல சொல்லி முடிச்சிடலாம். அதையே ஒவ்வொரு வரியா நிறுத்தி உங்க நாளோட சேர்த்துப் பேசுங்க, அன்றன்றுள்ள அப்பம்னு வர்ற இடத்துல இன்னைக்கு என்ன தேவையோ அதச் சொல்லுங்க, கடனை மன்னியும்னு வர்ற இடத்துல ஆள் பேரோட சொல்லுங்க. மாற்கு 1:35-ல அவர் விடியுறதுக்கு முன்னாடி இருட்டோட எழுந்து தனியா ஒரு இடத்துக்குப் போய் ஜெபம் பண்ணினார்னு இருக்கு, அது முந்தின நாள் ராத்திரி ஊரே வாசல்ல வந்து நின்ன பிறகு. பிஸியா இருந்ததால விடல, பிஸியா இருந்ததாலதான் போனார். காலைல முடியாதவங்க, கைக்குழந்தை இருக்கவங்க, நைட் ஷிப்ட் பாக்குறவங்க குற்ற உணர்ச்சி பட வேணாம், நேரம் எதுவா இருந்தாலும் தனியா இருக்கிற ஒரு நேரம் வேணும், அவ்வளவுதான். மீதி நேரத்துக்கு, 17-ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல ஒரு மடத்தோட சமையல்கட்டுல வேலை பாத்த பிரதர் லாரன்ஸ்ங்கிறவர் நல்ல உதாரணம், பாத்திர பண்டங்களுக்கு நடுவுல வேலை செஞ்சுக்கிட்டே தேவனோட பேசிட்டு இருக்கிறதை அவர் தன் வாழ்க்கை முறையாவே ஆக்கிக்கிட்டார்.

சிலுவையப் பத்தி ஒரு வார்த்தை. லூக்கா 9:23-ல தன்னைத்தான் வெறுத்து, அனுதினமும் சிலுவைய எடுத்துக்கிட்டு பின்னால வரணும்னு இயேசு சொல்றார். நாம என்ன பண்றோம்னா முட்டிவலி, சிடுசிடுன்னு இருக்கிற பாஸ், ஓயாத சொந்தக்காரங்க, இதையெல்லாம் "என்ன செய்ய, இது என் சிலுவை"ன்னு சொல்லிடுறோம். இதெல்லாம் கஷ்டம்தான், ஆனா விசுவாசம் இல்லாதவங்களுக்கும் முட்டி வலிக்கும். அன்னைக்கு கேட்டவங்களுக்கு சிலுவைன்னா ரோம அரசாங்கம் ஆளைக் கொல்லுற கருவி, அதைத் தூக்கிட்டுப் போறவன் திரும்பி வரமாட்டான். அவரைப் பின்பற்றுறதால நாமளே தெரிஞ்சு ஏத்துக்கிற இழப்புதான் இங்க சிலுவை. உண்மையச் சொன்னதால போற நல்ல பேரு, கமிஷன் வாங்க மறுத்ததால போற காசு, சண்டைல கடைசி வார்த்தை என்னோடதா இருக்கணும்ங்கிற ஆசைய விடுறது. கடைசில சொன்னது சின்னதாத் தெரியும், செஞ்சு பாருங்க தெரியும். தன்னை வெறுக்கிறதுன்னா தன்னைத் தானே கேவலமா நினைக்கிறதுன்னும் சிலர் எடுத்துக்கிறாங்க, அதுவும் இல்ல, என் இஷ்டம்தான் எப்பவும் ஜெயிக்கணும்ங்கிறதுக்கு நோ சொல்றது.

இதுல நீங்க தோப்பீங்க. நான் ஆறுதலுக்காக சொல்லல, பன்னிரண்டு பேருமே தோத்தாங்க. யார் பெரியவன்னு வழியெல்லாம் சண்டை போட்டாங்க, கெத்செமனேல தூங்கினாங்க, கைது பண்ணும்போது ஓடினாங்க. பேதுரு மூணு தரம் அவரத் தெரியவே தெரியாதுன்னு சொன்னார். யோவான் 21-ல உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரைல கரிநெருப்புப் போட்டு மீன் வச்சு அவங்களுக்கு சாப்பாடு குடுத்துட்டு, அப்புறம் பேதுருகிட்ட மூணு தரம் என்னை நேசிக்கிறியான்னு கேக்குறார். ஏன் அப்படிப் பண்ணினன்னு ஒரு தரம் கூட கேக்கல. என் ஆடுகளை மேய்னு வேலையத் திரும்பக் குடுக்குறார். அப்பவும் பேதுரு பேதுருதான், உடனே பின்னால திரும்பி யோவானக் காட்டி, ஆண்டவரே இவன் காரியம் என்னன்னு கேக்குறார். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா"ன்னு பதில் வருது. மத்தவங்க எவ்வளவு நேரம் ஜெபம் பண்றாங்க, யாருக்கு என்ன வரம் இருக்கு, யார் மேடைல நிக்குறாங்கன்னு பாத்து நொந்து போறவங்களுக்கு இந்தப் பதில் போதும்னு நினைக்கிறேன். அதனால நாலு நாள் பைபிள் தொடலன்னா அஞ்சாவது நாள் விட்ட இடத்துல இருந்து எடுங்க, நாலு நாள் பாக்கிய சேத்து வாசிச்சு பிராயச்சித்தம் பண்ண வேண்டியதில்ல.

தனியா மட்டும் பண்ண முடியாது, இதையும் சொல்லணும். ஒருத்தரில் ஒருத்தர் அன்பா இருந்தா அதனாலதான் நீங்க என் சீஷர்கள்னு எல்லாரும் தெரிஞ்சுக்குவாங்கன்னு யோவான் 13:35-ல இருக்கு, ஆள் இல்லாம யார்கிட்ட அன்பா இருக்கிறது? அந்தப் பன்னிரண்டு பேர்ல ஆட்சியில இருந்தவங்களுக்காக வரி வசூலிச்ச மத்தேயுவும் இருந்தார், செலோத்தேன்னு (வைராக்கியக்காரன், ரோம ஆட்சிய எதிர்த்தவங்களுக்கும் சொல்ற பேர்) பேர் வாங்கின சீமோனும் இருந்தார், அவங்களுக்குள்ள அரசியல் பேச்சு வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சா எனக்கு சிரிப்பு வரும். நமக்குப் பிடிச்சவங்களா பாத்துச் சேக்குற கூட்டம் இல்ல சபை. ஒரு சபைல சேருங்க, அதுக்குள்ள உங்ககிட்ட "இந்த வாரம் என்ன வாசிச்ச, என்ன செஞ்ச"ன்னு கேக்குற ஒரே ஒரு ஆளத் தேடிக்கோங்க, உங்கள விட கொஞ்சம் முன்னாடி நடக்குறவங்களா இருந்தா நல்லது. ஆனா கண்ணத் திறந்து வச்சுக்கோங்க. பெரோயா ஊர்க்காரங்க பவுல் சொன்னதையே வேதவாக்கியத்தோட தினமும் ஒத்துப் பாத்தாங்க, அதுக்காக அப்போஸ்தலர் 17:11-ல அவங்களப் பாராட்டித்தான் எழுதியிருக்கு. கேள்வி கேட்டாலே கலகம்னு சொல்ற தலைவர், யாரக் கல்யாணம் பண்ணணும் எங்க வேலைக்குப் போகணும்னு எல்லாத்துக்கும் தன்கிட்ட பர்மிஷன் வாங்கச் சொல்றவர், உங்க வீட்டு ஆளுங்ககிட்ட இருந்து உங்கள பிரிக்கிறவர், இவங்களப் பாத்தா மரியாதையா நகர்ந்துடுங்க. நீங்க இயேசுவுக்குத்தான் சீஷன், அந்தத் தலைவருக்கு இல்ல.

சந்தேகம் வந்தா? வரும். மத்தேயு 28-ல உயிர்த்தெழுந்த இயேசுவ நேர்ல பாத்து பணிஞ்சுக்கிட்டப்பவே சிலர் சந்தேகப்பட்டாங்கன்னு எழுதியிருக்கு, அந்தக் கூட்டத்துக்கிட்டதான் அவர் போய் சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கன்னு சொன்னார். சந்தேகம் தீர்ந்த பிறகு ஆரம்பிக்கலாம்னு காத்திருந்தா ஆரம்பிக்கவே மாட்டீங்க.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கடைசியா ஒரு தரம் சொல்லிடறேன். மாற்கு 1. முழு அதிகாரமும் வேணாம், 45 வசனம் இருக்கு, 14-ல இருந்து 20 வரைக்கும் போதும் இன்னைக்கு. ஒரு நோட்ல தேதி போட்டு ஒரே ஒரு வரி, இன்னைக்கு நான் செய்யப்போறது இதுன்னு. மாற்கு முடிஞ்சதும் மத்தேயு 5, 6, 7, அதை அவசரப்படாம ஒரு மாசம் கூட வச்சுக்கலாம், அப்புறம் யாக்கோபு, அப்புறம் அப்போஸ்தலர். நடுநடுவுல தினம் ஒரு சங்கீதம். லேவியராகமம் எங்கயும் போயிடாது, கொஞ்சம் பழகினதுக்கு அப்புறம் கூட ஒருத்தர வச்சுக்கிட்டு வாசிங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கும்.